மன்னார்குடி தாலுகா, பிஜித் தீவு

மூன்று வருஷத்துக்கு முன்னால், தை பிறந்து பத்து நாள் இருக்கும். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர் கடைத்தெருவில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும். நிறம், முகம், முன்வழுக்கை எல்லாம் நம்ம ஊர் ஆள் மாதிரியே. வாயைத் திறந்தால் இங்கிலீஷ். இப்போது இருப்பது ஆக்லாந்தில், பிறந்தது பிஜித் தீவில் என்றார். தமிழில் அவருக்குத் தெரிந்தது நாலு முருகன் பாட்டும், சோறு, தாத்தா, சாமி என்று ஒரு கைப்பிடிச் சொல்லும்தான்.

பையிலிருந்து பிளாஸ்டிக் உறைபோட்ட ஒரு தாளை எடுத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் எமிகிரேஷன் பாஸ். 1911ஆம் வருஷம் மதராஸ் துறைமுகத்தில் எழுதப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக அச்சடித்து, கையால் நிரப்பியிருந்தார்கள். ஜில்லா தஞ்சாவூர். தாலுகா மன்னார்குடி. கிராமத்தின் பெயரை குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியதால், அதை மூன்று ஊராகப் படிக்கலாம். அந்த மூன்றில் ஒன்று எங்கள் ஊர்.

சாதிக் கட்டத்தில் இருந்த சொல்லை விரலால் காட்டி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவரை எந்தத் தெருவுக்குக் கூட்டிப்போவது என்பது அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் முடிவானது.

அன்றிலிருந்து இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

தஞ்சாவூருக்கும் பசிபிக் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரையாவது கேட்டால் உடனே சோழர் கப்பல் வந்துவிடும். ராஜேந்திரன் கடாரம் கொண்டான், பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது, அது உண்மைதான். அதற்குமேல் ஒரு படி போய், நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் மணியைச் சொல்வார்கள். 1830களில் வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார், வாங்கரே பக்கத்தில் மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது உடைந்த கப்பல் மணியின் மேல்பாகம். அதில் தமிழ் எழுத்து, முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி என்று. இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்தாலே முஸ்லிம் கப்பல்காரர் ஒருவருடையது என்று தெரிகிறது. அதற்கும் ராஜேந்திரனுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களை என்ன சொல்ல.

மணிக்கு வீடியோ போடுகிறோம். சரி, போடட்டும். ஆனால் பெயர், ஊர், தழும்பு முதற்கொண்டு எழுதி வைக்கப்பட்டு பசிபிக்குக்குப் போன தஞ்சாவூர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாள்கள் பிஜியின் தலைநகர் சுவாவில் ஆவணக் காப்பகத்தில் அடுக்காக இருக்கின்றன. அதைப் பற்றி இங்கே யாருக்கும் பேச்சில்லை, ஏனென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம்.

பிஜிக்கு ஆள் ஏன் தேவைப்பட்டது என்பதை அந்தத் தீவின் பக்கமிருந்தே சொல்ல வேண்டும். 1874 அக்டோபர் 10ஆம் தேதி தாகொம்பாவ் முதலான தலைவர்கள் தீவுகளை பிரிட்டிஷ் ராணியிடம் ஒப்படைத்தார்கள். தாகொம்பாவ் சிட்னிக்கு விருந்தாடப் போய், 1875 தொடக்கத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் திரும்பினார். கூடவே தட்டம்மையும் வந்து இறங்கியது. அதுவரை அந்த நோயே அறியாத மண். சில மாதங்களில் சுமார் 40,000 பேர் செத்தார்கள். நாலில் ஒருவர், அல்லது அதற்கும் மேல். நம் ஊரில் அம்மை போட்டால் வேப்பிலை செருகி மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொள்வோம், அது நமக்குப் பழகிய அம்மன். அவர்களுக்கு அவள் யாரென்றே தெரியாது.

அந்தச் சாவுக்குப் பின்னால் வந்தவர் முதல் கவர்னர் ஆர்தர் கார்டன். பிஜி மக்களைத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோனால் இனமே அழிந்துவிடும் என்று நினைத்தார். அவர்களை அவரவர் ஊரில், அவரவர் தலைவர்களின் கீழே விட்டுவிட வேண்டும், நிலத்தை வெள்ளைக்காரனுக்கு விற்கக் கூடாது என்று கட்டு வைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் காலனி நடக்கப் பணம் வேண்டும், பணத்துக்குக் கரும்பு வேண்டும், கரும்புக்கு ஆள் வேண்டும். கார்டன் அதற்கு முன் டிரினிடாடிலும் மொரீஷியஸிலும் கவர்னராக இருந்தவர். அங்கே பார்த்த வழி கையில் இருந்தது. ஒரு மக்களைக் காப்பாற்ற இன்னொரு மக்களை ஏற்றிவந்தார்கள். கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் லியோனிடாஸ், 1879 மே 14 அன்று பிஜிக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி, சுருக்கமாக சி.எஸ்.ஆர்., 1882இல் நௌசோரியில் ஆலை வைத்தது. பிறகு ம்பாவிலும் லம்பாசாவிலும் லௌதோகாவிலும்.

இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம். பிஜி மொழியில் d என்று எழுதினால் 'ந்த', b என்றால் 'ம்ப', q என்றால் 'ங்க'. ரோமன் எழுத்தில் Nadi என்று எழுதியிருக்கும் ஊரை அவர்கள் நந்தி என்றுதான் சொல்கிறார்கள். மெல்லினத்துக்குப் பின் வல்லினம் மெலிந்து ஒலிப்பது நமக்கு நாக்கிலேயே இருக்கிறது. அந்த மொழியை எழுத பாதிரிமார் ரோமன் எழுத்தோடு மல்லுக்கட்டியதற்குப் பதில் தமிழ் எழுத்தை எடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். சும்மா சொல்கிறேன்.

நிலத்துக்கு அவர்களிடம் 'வனுவா' என்று ஒரு சொல் உண்டு. மண், அதில் வாழும் சனம், செத்துப்போன முன்னோர், வழக்கம், எல்லாம் சேர்ந்து வனுவா. மண்ணை மட்டும் பிரித்து விற்க அந்தச் சொல்லில் இடமில்லை. நிலம் 'மத்தங்காலி' என்ற பங்காளிக் கூட்டத்தின் பொது. மண்ணுக்கு உரியவன் 'தௌகே', வந்தவன் 'வுலாங்கி', அதாவது விருந்தாளி. விருந்தாளிக்கு மரியாதை உண்டு, திமிங்கிலப் பல் கொடுத்து வரவேற்பார்கள், யங்கோனா என்ற வேரை இடித்துக் கரைத்துக் கொட்டாங்கச்சியில் கொடுப்பார்கள். ஆனால் விருந்தாளி விருந்தாளிதான்.

நம் டெல்டாவிலும் இதற்கு ஈடான சொற்கள் இருந்தன. பழைய வருவாய்க் கணக்குகளில் உள்குடி, புறக்குடி என்று வரும். உள்குடிக்குச் சாகுபடியில் பாத்தியதை உண்டு. புறக்குடி வெளியிலிருந்து வந்து உழுகிறவன், போ என்றால் போக வேண்டும். இருவருக்கும் மேலே மிராசுதார், எல்லோருக்கும் கீழே பண்ணையாள். குடிசை போட்ட இடமும் மிராசுதாருடையது. கூலி நெல்லாக, மரக்கால் கணக்கில். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல், குறுவை, சம்பா, தாளடி என்று எல்லாம் விளைந்த பூமி. அவ்வளவு விளைந்தும் அதை விளைவித்தவனுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

அதனால்தான் இங்கிருந்து சனம் கடலைப் பார்த்து நடந்தது. பெரும்பாலோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்கு, இல்லாவிட்டால் சிலோனுக்கு, பர்மாவுக்கு. காரைக்காலில் ஏறியவர்கள் பிரெஞ்சுக்காரனின் ரீயூனியன் தீவுக்குப் போனார்கள். அங்கிருந்து 1860களில் கரும்பு முதலாளிகளோடு இன்னும் கிழக்கே நியூ காலிடோனியாவுக்குப் போன 'மலபார்'களும் உண்டு. பிஜிக்குப் போனது இந்தக் கூட்டத்தில் ஒரு சிறு கிளை. வடக்கே ஆள் கிடைப்பது குறைந்தபோது, 1903இல்தான் மதராஸ் துறைமுகத்தைத் திறந்தார்கள். 1916 வரை பிஜிக்குப் போன 60,000 சொச்சம் பேரில் கால்வாசி, சுமார் 15,000 பேர், மதராஸ் வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, கிருஷ்ணா, கோதாவரி, விசாகப்பட்டினம், மலபார், கோயம்புத்தூர் என்று பல ஜில்லாக்காரர்கள். அவர்களில் தஞ்சாவூரும்.

மலாயாவுக்குக் கங்காணி கூட்டிப்போனான், பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன். பிஜிக்குக் காகிதம் கூட்டிப்போனது. ஐந்து வருஷத்துக்குக் கைநாட்டு. ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு அணா. பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், ஒன்பது அணா. வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம். ஐந்து வருஷம் கழித்து சொந்தச் செலவில் திரும்பலாம், பத்து வருஷம் இருந்தால் கப்பல் இலவசம். நெல்லாகக் கூலி வாங்கியவனுக்கு பன்னிரண்டு அணா ரொக்கம் என்றால் என்ன தோன்றியிருக்கும்! கொடுத்த 'டாஸ்க்' முழுசாக முடித்தால்தான் அந்த ஷில்லிங் என்பதும், முடிக்காவிட்டால் கோர்ட்டு, அபராதம், ஜெயில் என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது. 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. போனவர்கள் கிர்மிட்காரர்கள்.

சுவாவுக்கு எதிரே நுக்குலாவ் என்று ஒரு சின்னத் தீவு. இறங்கியவர்களை முதலில் அங்கேதான் நிறுத்திவைத்துச் சோதித்துத் தோட்டங்களுக்குப் பிரித்தார்கள். ஒரே ஊர்க்காரர்களானாலும் வேறு வேறு தோட்டத்துக்குப் போகலாம். குடியிருக்க லயன், பத்தடிக்கு ஏழடி அறை, அதில் மூன்று ஆண்கள் அல்லது ஒரு குடும்பம். வேலை வாங்கிய சர்தார் பேசியது இந்துஸ்தானி. தமிழும் தெலுங்கும் பேசியவர்களுக்கு பக்கத்து அறைக்காரன் பேச்சே புரியாது. இந்தியக் கூலிகள் போன காலனிகளிலேயே தற்கொலை அதிகமாக நடந்தது பிஜியில் என்று கணக்கு சொல்கிறது.

நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது சட்டம். அதனால் பெண்கள் பட்ட பாட்டை இங்கே விரித்து எழுத எனக்கு மனமில்லை. பாரதியார் பிஜித் தீவுப் பெண்களைப் பற்றிப் பாடியதை எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவர் புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதியது கேள்விப்பட்டு எழுதியதுதான், ஆனால் கேள்விப்பட்டது பொய் இல்லை. 1913இல் குந்தி என்ற பெண், ஓவர்சீயரிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்த கதை இந்தியப் பத்திரிகையில் வந்தது. 1915இல் ஆண்ட்ரூஸும் பியர்சனும் நேரில் போய்ப் பார்த்துவந்து அறிக்கை எழுதினார்கள். 1916இல் கடைசிக் கப்பல். 1920 ஜனவரி 1 அன்று மிச்சமிருந்த கிர்மிட்டெல்லாம் ரத்து.

பலர் திரும்பினார்கள். பெரும்பாலோர் தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தால் எந்தத் தெருவில் இருக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? அங்கே லயனில் எல்லா சாதியும் ஒரே குழாயில் தண்ணி பிடித்தது. சாதி பாஸில் எழுதியதோடு சரி, இரண்டு தலைமுறையில் பெரும்பாலும் உதிர்ந்துபோனது. டாக்ஸியில் வந்தவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமல் போனது அதனால்தான்.

கரும்பு மட்டும் இல்லை, நெல்லும் போட்டார்கள். ரேவா பிஜியின் பெரிய ஆறு. அதன் கழிமுகமும் வண்டல், ஓடை, சதுப்பு என்று நம் கடைமடை மாதிரிதான். பிஜிக்காரர்கள் அங்கே சேப்பங்கிழங்கு வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இவர்கள் நாற்றுவிட்டு நட்டார்கள். நௌசோரி கரும்பாலை 1959இல் மூடியபிறகு அங்கே அரிசி ஆலை வந்தது.

தமிழ் என்ன ஆனது? பேச்சுமொழியாக அது தோற்றது. எல்லோரும் பிஜி இந்தி பேசினார்கள். அதை எதிர்த்துத்தான் 1926இல் நந்தியில் சாது குப்புசாமி தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை ஆரம்பித்தார். சங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் ராமகிருஷ்ண மடத்திலிருந்து 1937இல் சுவாமி அவினாசானந்தர் வந்தார், 1939இல் சுவாமி ருத்ரானந்தர். ருத்ரானந்தர் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை, கரும்பு விவசாயிகளின் வேலைநிறுத்தத்திலும் முன்னால் நின்றார். இன்றைக்குச் சங்கத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள். அவற்றில் பிஜிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தமிழ் வகுப்பு தேய்ந்துகொண்டே வந்தாலும், 'சங்கம்' என்ற சொல் அங்கே ஒரு சமூகத்தின் பெயராகவே ஆகிவிட்டது. தெலுங்கர், மலையாளி எல்லோரும் அதில் அடக்கம்.

தமிழ் நின்றது கோயிலில். நந்தி ஊர்க் கடைத்தெருவின் கோடியில் சிவசுப்பிரமணியர் கோயில், 1994இல் புதிதாகக் கட்டியது, நம் ஊர்க் கோபுரம் மாதிரியே வர்ணம். சுவாவில் ஹோவெல் ரோட்டு மாரியம்மன் கோயிலில் வருஷா வருஷம் தீமிதி. பத்து நாள் காப்புக் கட்டி விரதம் இருந்து பூக்குழி இறங்குகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சுவாவுக்குத் தெற்கே ம்பெங்கா என்ற தீவில் பிஜி மக்களுக்கும் தீமிதி உண்டு. இவர்கள் தணலில் நடக்கிறார்கள், அவர்கள் பழுக்கக் காய்ந்த கல்லில். அவர்களுக்கும் விரதம் உண்டு, பெண்ணையும் தேங்காயையும் தொடக் கூடாது. விலாங்கு பிடிக்கப்போன ஒருவன் கையில் ஒரு குட்டித் தெய்வம் சிக்கி, விட்டுவிட்டால் நெருப்பை வெல்லும் வரம் தருகிறேன் என்றதாம். இரண்டு சனமும் கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒன்றையொன்று அறியாமல் நெருப்பில் நடந்துகொண்டிருந்திருக்கின்றன.

சாயங்காலமானால் யங்கோனா குடிப்பது பிஜி இந்தியர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டில் மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் சேர்ந்தன. ஒட்டாதது ஒன்றே ஒன்று, நிலம்.

1920களில் சி.எஸ்.ஆர். தன் பெரிய தோட்டங்களைப் பத்துப் பத்து ஏக்கராகப் பிரித்து இந்தியக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. பத்து ஏக்கர் என்றால் நம் கணக்கில் ஒன்றரை வேலி, முப்பது மா. மன்னார்குடியில் ஒரு குழி இல்லாதவனின் பிள்ளை முப்பது மா சாகுபடி செய்தான். ஆனால் தீவின் மண்ணில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் மத்தங்காலிகளின் சொத்து. 1940இல் அதை நிர்வகிக்க ஒரு வாரியம் வந்தது. 1976 சட்டம் முப்பது வருஷக் குத்தகைக்கு உத்தரவாதம் தந்தது. பழைய குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாகக் கெடு முடிந்தன. பலவற்றைப் புதுப்பிக்கவில்லை.

இடையில் 1987. இந்தியர்களின் ஆதரவில் வந்த பவந்த்ராவின் அரசை ராணுவ அதிகாரி ரம்புக்கா கவிழ்த்தார். அன்று மே 14, லியோனிடாஸ் வந்த அதே தேதி. 1999இல் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார், அடுத்த வருஷம் மே மாதமே துப்பாக்கி முனையில் பிணையாக்கப்பட்டார். அதைச் செய்த ஸ்பைட்டைப் பிறகு சிறைவைத்த இடம் நுக்குலாவ் தீவு. கிர்மிட்காரர்கள் முதலில் மிதித்த மண். லட்சத்துக்கும் மேல் ஆட்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கிளம்பிவிட்டார்கள். 1980களில் மக்கள்தொகையில் பாதியாக இருந்த இந்தியர்கள் 2007 கணக்கெடுப்பில் 37 சதவீதம். 2023இல் ரம்புக்கா, மறுபடி பிரதமராக இருந்துகொண்டு, 1987க்கு மன்னிப்புக் கேட்டார். அந்த வருஷம் கிர்மிட் தினம் அரசு விடுமுறையும் ஆனது.

இதில் பிஜி மக்களை வில்லனாக்கி எழுதும் தமிழ்க் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். எனக்கு ஒப்பவில்லை. நாலில் ஒருவரைத் தட்டம்மைக்குக் கொடுத்த சனம் அது. ஆட்களை இறக்கியபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. மண் ஒன்றுதான் கையில் மிஞ்சியது. அதையும் விட்டால் தங்கள் தீவிலேயே தாங்கள் புறக்குடி ஆகிவிடுவோம் என்று பயந்தார்கள். பயம் நியாயம். அதே சமயம் நூறு வருஷம் உழுதவனை விருந்தாளி என்பதும் ஒரு கொடுமைதான். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதையும் குறைவு. டெல்டாவில் குடியானவனுக்கு ஐந்தில் இரண்டு பங்கு விளைச்சல் என்று சட்டம் வந்ததே 1952இல்தான். அதற்கும் முன்னால் சீனிவாசராவும் செங்கொடியும் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு 1968இல் கீழவெண்மணியில் என்ன நடந்தது என்பதும் தெரியும். பண்ணையாளின் குடிசை மனை அவனுக்கே சொந்தம் என்று சட்டம் வர 1971 ஆனது.

அந்தத் தை மாதத்துக்குத் திரும்புகிறேன். தெருவில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தார்கள். எண்பது வயசுக்கு மேல் இருக்கும், பண்ணையாளாக இருந்தவர். வந்தவரின் கொள்ளுத்தாத்தா பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "அந்தப் பேர்ல தெருவுக்கு நாலு பேரு இருந்திருப்பாங்க தம்பி." தாலுகா ஆபீஸில் தேடலாமா என்று வந்தவர் கேட்டார். அங்கே இருப்பது நிலம் வைத்திருந்தவர்களின் கணக்கு, நிலமில்லாதவனின் பெயர் எந்த அடங்கலிலும் ஏறியிருக்காது என்று விளக்கினேன். அவனை ஏற்றுமதி செய்தவன் மட்டும்தான் அவன் பெயரை எழுதிவைத்தான்.

பாஸில் வேறு என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவர் கேட்டார். உயரம் ஐந்தடி மூன்றங்குலம், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று வாசித்தேன்.

"எங்க தாத்தா பேரே எனக்குத் தெரியாது. இவருக்குப் பாரு, தழும்பு எங்கன்னு வரைக்கும் தெரியுது" என்றார். பிறகு வந்தவரையே பார்த்துக் கேட்டார்: "அங்க நெலம் நீச்சு உண்டாங்கய்யா?"

ம்பா பக்கத்தில் முப்பது மா இருந்தது என்று மொழிபெயர்த்தேன். பெரியவருக்குக் கண் விரிந்தது.

"சொந்தமா?"

"குத்தகை."

"இப்ப?"

1999இல் கெடு முடிந்தது, உரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பிறகுதான் ஆக்லாந்து. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவங்க மண்ணுதானே, கேட்டா குடுக்கத்தானே வேணும்" என்றார். பிறகு, "உழுதவனுக்கு என்ன குடுத்தாங்களாம்?"

கேட்டுச் சொன்னேன். நின்ற கரும்பை வெட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டைப் பிரித்து, தகரத்தையும் மரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பெரியவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அவருடைய மனைப்பட்டா, மடித்து மடித்து நைந்துபோனது. அதை வந்தவரிடம் கொடுத்தார். அவர் தன் பாஸைப் பெரியவரிடம் கொடுத்தார். இரண்டு பேருக்கும் அடுத்தவர் தாளைப் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டார்கள்.